கல்லூரி உதைபந்தாட்டமும் குடாநாட்டின் மைதானங்களும்

யாழ். குடாநாட்டில் கல்லூரிகளுக்கிடையிலான உதைபந்தாட்டப் போட்டியொன்று நிறைவுபெற்றுப் பார்வையாளர் கலைந்து செல்லும் வேளைகளில், தோல்வியுற்ற அணியைக் குறித்து ஒரே விதமான விமர்சனங்களே செவியில் விழுவதை நாம் பல ஆண்டுகளாக அவதானித்து வருகின்றோம். பந்தைக் காலடியில் வைத்திருக்கத் தெரியவில்லை, வானத்தை நோக்கி உதைப்பதைத் தவிர வேறெதுவும் பழகவில்லை, பயிற்றுநர் சரியில்லை என்பனவே அவ்விமர்சனங்களாகும். அவற்றுட் சில உண்மையாகவும் இருக்கக்கூடும். ஆயினும் அம்மாணவர் எத்தகைய நிலத்தில் நாள்தோறும் பயிற்சி பெற்றனர் என்ற வினாவை எழுப்புவோர் மிகச் சிலரே. விளையாடும் முறை என்பது பயிற்றுநரின் சிந்தையில் மாத்திரம் உருவாவதன்று. அது காலின் கீழுள்ள மண்ணிலும், வீசுகின்ற காற்றிலும், பெய்கின்ற மழையிலும் உருவாகின்றது. இவ்வுண்மையை விளக்குவதும், அதனால் எமது மாணவர் சமூகத்துக்கு ஏற்படுகின்ற நன்மை தீமைகளை எடுத்துரைப்பதுமே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் விதிகளை நோக்குவோம். உதைபந்தாட்டத்தின் முதலாவது விதியே மைதானத்தைப் பற்றியதாகும். மைதானத்தின் நீளம் 90 மீற்றருக்கும் 120 மீற்றருக்கும் இடைப்பட்டதாகவும், அகலம் 45 மீற்றருக்கும் 90 மீற்றருக்கும் இடைப்பட்டதாகவும் இருக்கலாம் என அவ்விதி கூறுகின்றது. கோல் கம்பங்களுக்கிடையிலான தூரம் 7.32 மீற்றர், குறுக்குக் கம்பத்தின் உயரம் 2.44 மீற்றர் என்பன மாறாதவை. இங்கு வாசகர் ஒரு விடயத்தைக் கவனித்தல் வேண்டும். விதிக்குட்பட்ட மிகச் சிறிய மைதானத்தின் பரப்பு 4,050 சதுர மீற்றர். மிகப் பெரிய மைதானத்தின் பரப்போ ஏறத்தாழ 10,800 சதுர மீற்றர். அதாவது, இரண்டரை மடங்குக்கும் மேற்பட்ட வேறுபாடு விதிக்குள்ளேயே அடங்கிவிடுகின்றது. ஒடுங்கிய மைதானத்தில் பழகிய அணி அகன்ற மைதானத்துக்குச் செல்லும்போது, தனது வீரர்களுக்கிடையே எதிர்பாராத வெற்றிடங்கள் தோன்றுவதைக் காண்கின்றது. அகன்ற மைதானத்தில் பழகிய அணி ஒடுங்கிய மைதானத்துக்கு வரும்போது மூச்சுத் திணறுகின்றது. நிலத்தின் தன்மையைப் பற்றிய விதியோ மேலும் தளர்வானது. புற்றரையின் அடர்த்தி, மண்ணின் இறுக்கம், மேடுபள்ளம் ஆகியவற்றுக்கு அளவுகோல் எதனையும் அது விதிக்கவில்லை. மைதானம் விளையாடுவதற்கு உகந்ததா என்பதைத் தீர்மானிக்கும் பொறுப்பு மத்தியஸ்தரிடமே விடப்பட்டுள்ளது.

எமது கல்லூரிகள் பல, இவ்விளையாட்டின் விதிகளிலும் பார்க்க மூத்தவை என்பது சுவையானதொரு செய்தியாகும். இங்கிலாந்தில் உதைபந்தாட்டச் சங்கம் அமைக்கப்பட்டு விதிகள் வகுக்கப்பட்டது 1863 ஆம் ஆண்டிலாகும். யாழ். பரியோவான் கல்லூரியின் தோற்றம் 1823 ஆம் ஆண்டுக்கும், பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியின் தோற்றம் 1838 ஆம் ஆண்டுக்கும், யாழ். புனித பத்திரிசியார் கல்லூரியின் தோற்றம் 1850 ஆம் ஆண்டுக்கும் உரியன. வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியின் முன்னோடியான செமினரியும் 1823 இல் ஆரம்பிக்கப்பட்டதே. மிசனரிமாரின் ஆங்கிலக் கல்வியோடு வந்த இவ்விளையாட்டு, பின்னர் சைவப் பெரியோர் நிறுவிய கல்லூரிகளிலும் வேரூன்றியது. பாவலர் துரையப்பாபிள்ளை 1910 இல் தோற்றுவித்த தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரி, யாழ். இந்துக் கல்லூரி முதலியன இதற்குச் சான்றாகும். 1963 இல் தோன்றிய யாழ். ஒஸ்மானியாக் கல்லூரியின் முஸ்லிம் மாணவர்களும் இவ்விளையாட்டைத் தமதாக்கிக் கொண்டனர். இலங்கையின் உதைபந்தாட்ட நிர்வாக அமைப்பு 1939 இல் உருவாகி, 1952 இல் உலக உதைபந்தாட்டச் சம்மேளனத்தில் அங்கத்துவம் பெற்றது. அதற்கு முன்னரே யாழ்ப்பாணத்துக் கல்லூரி மாணவர் பந்தை உதைக்கத் தொடங்கிவிட்டனர்.

இனி, குடாநாட்டின் மண்ணைப் பற்றிச் சிறிது நோக்குவோம். எமது பிரதேசத்தின் அடித்தளம் சுண்ணாம்புக் கல்லாகும். வலிகாமத்தின் பெரும்பகுதியில் அக்கல்லின் மீது செம்மண் படை காணப்படுகின்றது. இச்செம்மண் மழைநீரை விரைவாக உள்வாங்கிச் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளினூடாகக் கீழே அனுப்பிவிடும். எனவே மழை ஓய்ந்த பின்னர் நீர் நெடுநேரம் தேங்குவதில்லை. ஆனால், வெயில் காலத்தில் அதே மண் இறுகிச் சீமெந்துத் தரையைப் போலாகிவிடுகின்றது. மண் படை மெல்லியதாக உள்ள இடங்களில் கற்கள் தலைநீட்டி நிற்பதும் உண்டு. வடமராட்சி கிழக்கில் மணற்காடு, அம்பன், குடத்தனை ஆகிய ஊர்களில் மணலே நிலம். தென்மராட்சியிலும் மணற்பாங்கான நிலங்கள் பல உள்ளன. குருநகர், நாவாந்துறை போன்ற களப்புக் கரைகளிலே தாழ்ந்த உவர் நிலங்கள் காணப்படுகின்றன. தீவகத்தின் கிணறுகள் பலவற்றில் நன்னீர் அரிதாகையால், அங்கு புல் வளர்ப்பதே பெரும் பிரயத்தனமாகும். இவ்வாறு சில மைல் தூரத்துக்குள்ளேயே முற்றிலும் மாறுபட்ட நிலங்களில் எமது மாணவர் விளையாடுகின்றனர்.

இறுகிய செம்மண்ணில் பந்து எவ்வாறு நடந்துகொள்கின்றது? தரையில் விழுந்த பந்து உயர எழும்புகின்றது. எழும்பிய பந்தைத் தரைக்குக் கொண்டுவர இரண்டு மூன்று தொடுகைகள் தேவைப்படுகின்றன. அதற்குள் எதிரணி வீரர் நெருங்கிவிடுவார். உருளும் பந்தோ புல்லின் தடையின்றி வேகமாக ஓடிக் கோட்டைக் கடந்துவிடும். இடையிலே சிறு கல் அல்லது குழி குறுக்கிட்டால் அதன் திசையும் மாறிவிடும். இத்தகைய நிலத்தில் குறுகிய பந்துப் பரிமாற்றங்களைக் கோத்துச் செல்லும் அணி ஒவ்வொரு பரிமாற்றத்திலும் ஓர் ஆபத்தை எதிர்கொள்கின்றது. ஆகவே, பின்கள வீரர் பந்தை நெடுந்தூரம் உயர்த்தி அனுப்புவதும், வேகமான முன்கள வீரர் அதனைத் துரத்திச் செல்வதும் அங்கே இயல்பான ஆட்டமுறையாகிவிடுகின்றன. அதனை அறியாமையென இகழ்வது பொருந்தாது. தமக்கு வாய்த்த நிலத்துக்கு மாணவர் கண்டுகொண்ட விடை அதுவேயாகும்.

மணல் நிலத்தின் பாடம் வேறு. மணலில் விழுந்த பந்து எழும்புவதில்லை. உதைத்த பந்தும் நெடுந்தூரம் உருளுவதில்லை. எனவே பந்தைக் காலோடு ஒட்டிக் கொண்டுசெல்லவும், உடலை வளைத்து எதிராளியை ஏமாற்றவும், பந்தின் அடியிற் காலை நுழைத்துச் சிறிதளவு தூக்கிக் கொடுக்கவும் மாணவர் பழகுகின்றனர். கால் புதையும் மணலில் ஓடிப் பழகியவரின் கெண்டைக்கால் தசைகள் உறுதி பெறுகின்றன. கடலோர ஊர்களான பாசையூர், குருநகர், நாவாந்துறை, இளவாலை ஆகியவற்றிலிருந்து தலைமுறை தலைமுறையாக உதைபந்தாட்ட வீரர் தோன்றி வருவதையும், பாசையூர் சென். அன்ரனிஸ், குருநகர் பாடும்மீன், நாவாந்துறை சென். மேரிஸ், இளவாலை யங்கென்றீஸ் முதலிய கழகங்களின் பெயர்கள் ஊர்ப் பெயர்களோடு பிரிக்க முடியாதவாறு பிணைந்திருப்பதையும் நாம் அறிவோம். இக்கழகங்களின் சூழலில் வளரும் சிறுவரே பின்னர் கல்லூரி அணிகளை அலங்கரிக்கின்றனர். எனினும், மணலில் மாத்திரம் பழகியவர் இறுகிய புற்றரைக்கு வரும்போது பந்தின் வேகத்துக்கு ஈடுகொடுக்க இயலாது முதற்பாதியில் தடுமாறுவதும் உண்டு. இவையனைத்தும் பொதுப்போக்குகளேயன்றி மாறா விதிகள் அல்ல. நல்ல பயிற்றுநரும் விடாமுயற்சியும் எந்த நிலத்தின் குறையையும் ஓரளவு ஈடுசெய்ய வல்லன.

ஆட்டமுறைகள் சூழலுக்கேற்பப் பிறக்கின்றன என்பதற்கு உலக வரலாற்றிலும் சான்றுகள் உண்டு. 1872 நவம்பர் 30 ஆம் திகதி கிளாஸ்கோவில் இங்கிலாந்துக்கும் ஸ்கொட்லாந்துக்கும் இடையில் முதலாவது சர்வதேசப் போட்டி நடைபெற்றது. தனியொருவர் பந்தைக் கொண்டோடுவதே ஆட்டம் எனக் கருதிய ஆங்கிலேயரின் உடற்பலத்துக்கு, ஒருவருக்கொருவர் பந்தைப் பரிமாறி ஆடியே ஸ்கொட்லாந்தினர் ஈடுகொடுத்தனர். போட்டி கோல் எதுவுமின்றிச் சமநிலையில் முடிந்தது. தம்மிடம் இல்லாததை எண்ணி வருந்தாது, இருப்பதைக் கொண்டு வழி கண்டவர்களாலேயே இவ்விளையாட்டு வளர்ந்துள்ளது.

அடுத்து, காற்று. எமது பாடசாலைகளின் வழமையில் ஆண்டின் முற்பகுதி மெய்வல்லுநர் போட்டிகளுக்கும் கிரிக்கெட்டுக்கும் உரியது. உதைபந்தாட்டம் பெரும்பாலும் அதன் பின்னரே சூடுபிடிக்கும். அது சோளகக் காற்று வீசும் காலமாகும். மலைகளற்ற தட்டையான எமது நிலத்தில் அக்காற்றைத் தடுப்பதற்குப் பனைகளைத் தவிர வேறெதுவும் இல்லை. காற்றுக்கு எதிராக உயர்த்தி உதைக்கப்பட்ட பந்து நடுவானில் தயங்கி நிற்கின்றது. காற்றோடு உதைக்கப்பட்ட பந்து முன்கள வீரரையும் தாண்டிப் பறந்து வீணாகின்றது. ஆகவே காற்றுக்கு எதிரான பாதியில் பந்தைத் தரையோடு வைத்து ஆடுவதும், காற்றோடு ஆடும் பாதியில் தூரத்திலிருந்து கோலை நோக்கி உதைப்பதும் அறிவுடைமையாகும். மைதானம் வடக்குத் தெற்காக அமைந்திருந்தால் மாலை வெயில் பந்துக்காப்பாளரின் கண்ணில் நேராக விழாது. ஆனால் தென்மேற்கிலிருந்து வரும் காற்று அத்தகைய மைதானத்தைச் சாய்வாகக் கடப்பதால், ஒரு பக்கத்து மூலை உதை கோலை நோக்கி வளைந்து வருகையில், மறுபக்கத்து மூலை உதை கோலை விட்டு விலகிச் செல்லும். இவற்றையெல்லாம் அறிந்த அணித்தலைவருக்கு நாணயச் சுழற்சி வெறும் சடங்கன்று. நாணயச் சுழற்சியில் வென்றவர் தாம் விரும்பும் பக்கத்தையோ ஆரம்ப உதையையோ தெரிவுசெய்யலாம் என 2019 ஆம் ஆண்டு விதி திருத்தப்பட்ட பின்னர், அம்முடிவின் முக்கியத்துவம் மேலும் அதிகரித்துள்ளது.

ஒக்ரோபர் முதல் டிசெம்பர் வரையான வடகீழ்ப் பருவமழை மற்றொரு உலகத்தைத் தோற்றுவிக்கின்றது. குடாநாட்டின் ஆண்டு மழைவீழ்ச்சி ஏறத்தாழ 1,200 முதல் 1,300 மில்லிமீற்றர் வரையாகும். அதன் பெரும்பகுதி இம்மூன்று மாதங்களிலேயே கொட்டித் தீர்ந்துவிடுகின்றது. அப்போது செம்மண்ணின் மேற்பரப்பு வழுக்குகின்றது. தாழ்ந்த மைதானங்களில் நீர் தேங்கிப் பந்து பாதிவழியில் நின்றுவிடுகின்றது. அந்நிலையில் திறமையிலும் பார்க்கக் காலணியே முடிவைத் தீர்மானிக்கும் சந்தர்ப்பங்கள் உண்டு. 1911 இல் கல்கத்தாவின் மோகன் பகான் கழகம் கிழக்கு யோக்சயர் படைப்பிரிவின் அணியை வென்று கேடயத்தைக் கைப்பற்றியபோது, அக்கழகத்தின் பதினொருவரில் ஒருவர் மாத்திரமே சப்பாத்து அணிந்திருந்தார். காய்ந்த தரையில் வெறுங்கால் ஒரு பலமாக இருந்தது. சேற்றிலோ அது பலவீனமாகியது. 1954 ஜூலை 4 ஆம் திகதி சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகரில் மழையினிடையே நடைபெற்ற உலகக் கிண்ண இறுதிப் போட்டியில், மேற்கு ஜேர்மனி ஹங்கேரியை 3 இற்கு 2 என்ற கோல் கணக்கில் வென்றது. கழற்றி மாற்றத்தக்க அடிக்குமிழ்கள் பொருத்தப்பட்ட சப்பாத்துகளை ஜேர்மனியர் அணிந்திருந்தமை அன்று முதல் இன்று வரை பேசப்படுகின்றது. உலகக் கிண்ணத்திலேயே காலணி பேசுபொருளாகுமெனில், கல்லூரி மாணவரைப் பற்றிக் கூறவும் வேண்டுமோ?

இவ்விடத்திலேதான் விளையாட்டு சமூக நீதியோடு தொடர்புறுகின்றது. காய்ந்த தரைக்கு ஒன்று, ஈரத் தரைக்கு ஒன்று என இரு சோடிச் சப்பாத்துகளை வாங்கக்கூடிய குடும்பங்கள் எத்தனை? கடற்றொழிலாளியின் மகனும் தோட்டக் கூலியாளின் மகனும் தமையன் அணிந்து தேய்ந்த சப்பாத்துடன் களமிறங்குவதை நாம் கண்டுள்ளோம். பழைய மாணவர் சங்கங்களின் வெளிநாட்டுக் கிளைகள் பலம்பெற்றுள்ள பெரிய கல்லூரிகளின் மைதானம் ஒரு தரத்தில் இருக்கையில், கிராமப்புறப் பாடசாலையின் மைதானம் வேறொரு தரத்தில் உள்ளது. இரு பாடசாலைகளும் ஒரே சுற்றுப்போட்டியிலேயே மோதுகின்றன. யாழ்ப்பாணம், வலிகாமம், தென்மராட்சி, வடமராட்சி, தீவகம் என ஐந்து கல்வி வலயங்களாகப் பிரிந்துள்ள எமது மாவட்டத்தில் வலய மட்டம், மாகாண மட்டம், தேசிய மட்டம் என ஏணிப்படிகள் உள்ளன. முதற்படியிலேயே சமமற்ற நிலம் அமைந்துவிட்டால் மேற்படிகளில் சமத்துவத்தை எதிர்பார்ப்பது எங்ஙனம்?

மைதானங்களின் இன்றைய நிலைக்கு இயற்கை மாத்திரம் காரணமன்று என்பதையும் கூறியாக வேண்டும். 1990 இன் பின்னர் வலிகாமம் வடக்கின் பெரும்பகுதி உயர் பாதுகாப்பு வலயமானது. அங்கிருந்த கல்லூரிகள் இடம்பெயர்ந்து பிற இடங்களிலே கொட்டில்களிலும் இரவற் கட்டடங்களிலும் இயங்கின. கட்டடத்தை இரவல் வாங்கலாம். மைதானத்தை இரவல் வாங்குவது எளிதன்று. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமமே ஒரே இரவில் இடம்பெயர்ந்தது. 2006 ஓகஸ்டில் ஏ-9 வீதி மூடப்பட்டதன் பின்னர் 2009 இல் யுத்தம் முடிவுறும்வரை வெளி மாவட்ட அணிகளுடன் மோதும் வாய்ப்பும் எமது மாணவருக்கு அரிதாகியது. நகரின் முதன்மை மைதானமான துரையப்பா விளையாட்டரங்கின் கதையோ மேலும் துயரமானது. 1999 இல் அங்கு புனரமைப்புக்காக நிலம் அகழப்பட்டபோது மனித எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. பல ஆண்டுகள் பயன்பாடின்றிக் கிடந்த அவ்வரங்கு, இந்திய அரசின் நிதியுதவியுடன் புனரமைக்கப்பட்டு, 2016 ஜூன் 18 ஆம் திகதி மீண்டும் திறந்துவைக்கப்பட்டது. ஒரு தலைமுறை மாணவர் தமது நகரின் பிரதான அரங்கில் ஒரு தடவையேனும் விளையாடாமலேயே பாடசாலைப் பருவத்தைக் கடந்துவிட்டனர்.

முஸ்லிம் மாணவரின் இழப்பு இன்னும் ஆழமானது. 1990 ஒக்ரோபர் 30 ஆம் திகதி யாழ்ப்பாண நகரின் முஸ்லிம் மக்கள் ஒஸ்மானியாக் கல்லூரியின் ஜின்னா மைதானத்துக்கு அழைக்கப்பட்டனர். இரண்டு மணி நேரத்துக்குள் ஊரை விட்டு வெளியேற வேண்டும் என்ற கட்டளையை விடுதலைப் புலிகள் அங்கு வைத்தே பிறப்பித்தனர். அம்மாதத்தில் வட மாகாணம் முழுவதிலுமிருந்து 70,000 இற்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டனர். பிள்ளைகள் பந்து விளையாடிய நிலத்திலேயே ஒரு சமூகத்தின் ஊர் பறிக்கப்பட்டது என்பதைத் தமிழ் வாசகராகிய நாம் கூசாமல் நினைவுகூர வேண்டும். அகதிகளாகப் புத்தளம் சென்றவர்கள் அங்கும் பந்தை மறக்கவில்லை. உதைபந்தாட்டத்துக்குப் பெயர்பெற்ற மன்னார் எருக்கலம்பிட்டி மக்கள் புத்தளத்து மண்ணிலும் அப்பாரம்பரியத்தைக் காத்தனர். யாழ்ப்பாணத்துக்குத் திரும்பிய குடும்பங்களின் பிள்ளைகளால் ஒஸ்மானியாக் கல்லூரி மீண்டும் உயிர்பெற்றுள்ளது. தொகையில் சிறியதாகிவிட்ட ஒரு பாடசாலை, பதினொருவரைத் திரட்டிக் களமிறக்குவதற்கே எத்துணை முயற்சி வேண்டும் என்பதை அயற் கல்லூரிகள் உணர்ந்து, நட்புறவுப் போட்டிகளையும் கூட்டுப் பயிற்சிகளையும் ஒழுங்குசெய்தல் நன்று. ஒரே மைதானத்தில் ஒருவருக்கொருவர் பந்தைப் பரிமாறிய பிள்ளைகள் மேடைப் பேச்சுகள் சாதிக்காத புரிந்துணர்வைச் சாதிப்பார்கள் என்பதே எமது நம்பிக்கை.

மாணவியரையும் மறந்துவிடலாகாது. தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியின் பெண்கள் அணி அகில இலங்கை மட்டத்தில் வெற்றிகளை ஈட்டிக் குடாநாட்டுக்குப் பெருமை சேர்த்தது. இடப்பெயர்வின் வடுக்களைச் சுமந்த ஒரு கல்லூரியிலிருந்து அவ்வெற்றிகள் வந்தமை குறிப்பிடத்தக்கது. ஆயினும் பல பாடசாலைகளில் மைதானம் ஆண்பிள்ளைகளுக்கே முதலுரிமையாக உள்ளது. அவர்கள் களைத்து வெளியேறிய பின்னர் எஞ்சும் அந்திப்பொழுதே பெண்பிள்ளைகளுக்குக் கிடைக்கின்றது. அந்நேரத்தில் வீடு திரும்பும் வழியின் பாதுகாப்பைக் கருதிப் பெற்றோர் தயங்குவதில் வியப்பில்லை. கால அட்டவணையைச் சிறிது மாற்றியமைத்தாலே தீரக்கூடிய பிரச்சினை இது.

அவ்வாறாயின் செய்யத்தக்கது யாது? பச்சைப் பசேலென்ற புற்றரைகளைத் தொலைக்காட்சியிற் கண்டுவிட்டு, அவ்வாறே எமக்கும் வேண்டும் எனக் கேட்பது எளிது. ஆனால் கணக்கைப் பார்த்தல் வேண்டும். 100 மீற்றர் நீளமும் 64 மீற்றர் அகலமும் கொண்ட மைதானத்தின் பரப்பு 6,400 சதுர மீற்றர். அதற்கு 5 மில்லிமீற்றர் உயரத்துக்கு ஒரு தடவை நீர் பாய்ச்சினால் 32,000 லீற்றர் செலவாகும். நிரந்தர நதிகளற்ற, நிலத்தடி நீரையே முழுமையாக நம்பியுள்ள குடாநாட்டில், குடிநீருக்கும் தோட்டத்துக்கும் உரிய நீரை மைதானத்துக்குத் தாராளமாக இறைக்க இயலாது. செயற்கைத் தரையோ பெருஞ் செலவுடையது. எமது வெயிலில் இயற்கைப் புல்லிலும் பார்க்க மிக அதிகமாகச் சூடேறுவது.

தீர்வு எமது காலடியிலேயே உள்ளது. பிள்ளையாருக்கு நாம் சாத்துகின்ற அறுகு, வெப்ப நாடுகளின் விளையாட்டு மைதானங்களில் பெரிதும் விரும்பிப் பயிரிடப்படும் புல்லினமாகும். அது வரட்சியைத் தாங்குவது. மிதிபட்டாலும் மீண்டும் தளிர்ப்பது. ஓரளவு உவரையும் சகிப்பது. மாரி தொடங்கும் ஒக்ரோபரில் மண்ணைக் கிளறி, கற்களைப் பொறுக்கி, எரு இட்டு அறுகை நட்டால், வானமே நீர் பாய்ச்சும். மழை மாதங்களில் அம்மைதானத்துக்கு ஓய்வளித்தால், கோடைக்கு முன்னர் வேர் ஆழப் பதிந்துவிடும். பின்னர் மாலை வேளைகளில் அளவாக நீர் தெளித்தால் போதுமானது. நெருஞ்சியைப் பூக்குமுன்னரே களைதல், கோல் கம்பங்களின் முன்னால் உண்டாகும் குழிகளை வாரந்தோறும் நிரப்புதல், மைதானத்தில் வாகனங்களை நிறுத்த அனுமதியாமை ஆகியவற்றுக்குப் பெரும் நிதி தேவையில்லை, கவனமே தேவை. காற்று வரும் பக்கத்தில் வேம்பும் பூவரசும் நட்டால் அவை சோளகத்தின் வேகத்தைத் தணிக்கும். பார்வையாளருக்கும் நிழல் தரும்.

போட்டி ஒழுங்கமைப்பாளருக்கும் சில கடமைகள் உண்டு. போட்டிக்கு முன்னர் மத்தியஸ்தர் மைதானத்தை நடந்து பார்ப்பதை வெறும் சம்பிரதாயமாக்காது, கற்களும் குழிகளும் நிறைந்த மைதானத்தை நிராகரிக்கும் துணிவை அவருக்கு அளித்தல் வேண்டும். சமனற்ற தரையில் திரும்பும் முழங்காலுக்கு நேரும் காயம் ஒரு மாணவனின் விளையாட்டு வாழ்வையே முடித்துவிடக்கூடும். 2014 இல் பிரேசிலில் நடைபெற்ற உலகக் கிண்ணப் போட்டிகளில், வெப்பமும் ஈரப்பதனும் சேர்ந்த அளவீடு 32 பாகையைத் தாண்டினால் ஒவ்வொரு பாதியிலும் நீர் அருந்துவதற்கான இடைவேளை வழங்கப்படலாம் என ஏற்பாடு செய்யப்பட்டது. முதிர்ந்த வீரருக்கே அது தேவையெனில், சித்திரை வைகாசி வெயிலில் ஓடும் எமது பிள்ளைகளுக்கு அது மறுக்கப்படலாகாது. றமழான் நோன்புக் காலத்தில் முஸ்லிம் மாணவரின் போட்டிகளையும், வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை வேளையையும், ஞாயிறு ஆராதனைகளையும், ஆலயப் பெருவிழா நாட்களையும் முன்கூட்டியே கருத்திற்கொண்டு அட்டவணை தயாரித்தல் கடினமான காரியமன்று. நாட்காட்டி எல்லோர் வீட்டுச் சுவரிலும் தொங்குகின்றது.

புலம்பெயர்ந்து வாழும் பழைய மாணவரிடமும் ஒரு வேண்டுகோள். கிண்ணங்களுக்கும் சீருடைகளுக்கும் நீங்கள் வழங்கும் உதவி போற்றத்தக்கது. அவ்வுதவியில் ஒரு பங்கு மண்ணுக்கும் போகட்டும். உங்கள் கல்லூரியின் மைதானத்தைச் சீரமைக்கும்போது, மைதானமற்ற அயற் பாடசாலையும் வாரத்தில் ஒரு நாள் அதனைப் பயன்படுத்துவதற்கு வழிசெய்யுங்கள். வலுவான எதிரணி இல்லாத இடத்தில் உங்கள் கல்லூரியின் அணியும் வலுவடையாது. 1995 இல் தெற்காசியக் கிண்ணத்தை வென்ற இலங்கை, 2023 ஜனவரியில் உலகச் சம்மேளனத்தால் இடைநிறுத்தப்பட்டு, அவ்வாண்டு ஓகஸ்டிலேயே மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்டது. தேசிய மட்ட நிர்வாகம் தடுமாறும் வேளைகளில், விளையாட்டை உயிரோடு காப்பவை பாடசாலைகளும் ஊர்க் கழகங்களுமே என்பதை அவ்வனுபவம் உணர்த்துகின்றது.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பரீட்சை முக்கியமானதே, அதை மறுப்பார் இலர். ஆனால் பாடசாலை விட்டதும் தனியார் கல்வி நிலையத்துக்கு விரைகின்ற பிள்ளைக்கு, தோற்றபின் எதிராளியின் கையைப் பற்றிக் குலுக்கும் பழக்கத்தை எந்த வகுப்பறையும் கற்றுத்தரப் போவதில்லை. போட்டிகளின் முடிவில் பார்வையாளரிடையே கைகலப்பு மூளும் வேளைகளில், அப்பாடத்தின் தேவை மூத்தோருக்கே அதிகம் என்று எண்ணத் தோன்றுகின்றது.

அடுத்த முறை ஒரு கல்லூரி அணி பந்தை வானத்தை நோக்கி உதைக்கக் காணும்போது, அவ்வணியைப் பழிக்கு முன்னர் அதன் காலடி மண்ணைச் சற்று நோக்குமாறு வாசகரை வேண்டுகின்றோம். யுத்தத்தையும் இடப்பெயர்வையும் வெளியேற்றத்தையும் கண்ட இந்நிலம், பிள்ளைகளின் ஓட்டத்துக்கு மீண்டும் உரியதாகி வருகின்றது. அதனைக் கல்லும் நெருஞ்சியுமாக அவர்களிடம் ஒப்படைப்பதா, அறுகு படர்ந்த பொதுநிலமாக ஒப்படைப்பதா? கல்வித் திணைக்களத்தினரும் உள்ளூராட்சி மன்றத்தினரும் கல்லூரிச் சமூகத்தினரும், எதிர்வரும் மாரி தொடங்குமுன் இவ்வினாவுக்கு விடைகாண வேண்டும்.